மரம் அறுக்கும் இயந்திரம்: நீளமான 'பார்' எல்லாருக்கும் தேவையில்லை

விருதுநகர் மாவட்டத்தில் கோடை பிறந்துவிட்டால் காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரங்களின் மானாவாரிக் காடுகளில் மரம் அறுக்கும் இயந்திரத்தின் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். பருத்தியும் சோளமும் எடுத்து முடிந்த பிறகு, தரிசில் மண்டிக் கிடக்கும் வேலிக்காத்தானை வெட்டிக் கரிமூட்டத்துக்கு விற்பது இப்பகுதிச் சிறு விவசாயிகளுக்குக் கோடைகால வருமானம். கோடாலியாலும் இருவர் எதிரெதிரே நின்று இழுக்கும் ரம்பத்தாலும் முன்பு நாள் கணக்கில் நடந்த வேலை, பெட்ரோலில் ஓடும் செயின் ரம்பம் வந்த பிறகு சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. கூலி ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட இக்காலத்தில் இந்த இயந்திரம் வரவேற்கத்தக்கதே.

ஆனால் இதை வாங்குவதில் ஒரு தவறான எண்ணம் விவசாயிகளிடையே பரவி வருகிறது. இயந்திரத்தின் முன்னால் நீண்டிருக்கும் தட்டையான இரும்புப் பட்டையைச் சுற்றித்தான் பல் வைத்த சங்கிலி ஓடுகிறது. கடைக்காரர்கள் இந்தப் பட்டையை 'பார்' என்பார்கள். இந்தப் பார் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு இயந்திரம் உயர்ந்தது என்று பலரும் நினைக்கிறார்கள்.

"அண்ணாச்சி, சின்னதை வாங்கி என்ன செய்யப் போறீங்க? இந்த 22 அங்குலத்தைக் கொண்டு போங்க. புளியமரமே ஆனாலும் ஒரே அறுப்புதான்" என்கிறார் கடைக்காரர். என்றோ ஒரு நாள் பெரிய மரம் வெட்ட வேண்டி வரலாம் என்று எண்ணி விவசாயியும் அதையே வாங்கிக்கொண்டு வருகிறார். ஆண்டு முழுவதும் அவர் வெட்டப் போவதோ கையகலம், முழங்கால் கனம் உள்ள வேலிக்காத்தான்தான். என்றோ வரும் ஒரு மரத்துக்காகத் தினமும் பெரிய பாரைச் சுமப்பது சிக்கனமும் அல்ல; உயிருக்குப் பாதுகாப்பும் அல்ல.

எப்போதாவது வெட்டும் மரத்தைக் கொண்டு பாரின் நீளத்தைத் தீர்மானிக்கக்கூடாது. அடிக்கடி வெட்டும் மரத்தைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

கயிறு ஒன்று போதும்

மரத்துக்கு ஏற்ற நீளத்தைக் கண்டறிவது கடினமல்ல. அறுக்கப் போகும் இடத்தில் மரத்தைச் சுற்றி ஒரு கயிறைப் பிடித்து, அதன் நீளத்தை அங்குலத்தில் அளக்க வேண்டும். இதுவே சுற்றளவு. இதை 3-ஆல் வகுத்தால் மரத்தின் குறுக்களவு தோராயமாகக் கிடைக்கும். (சரியாகச் சொன்னால் 3.14-ஆல் வகுக்க வேண்டும்.) இந்தக் குறுக்களவோடு 2 அங்குலம் சேர்த்தால், அந்த மரத்தை ஒரு பக்கம் நின்று ஒரே அறுப்பில் அறுப்பதற்கு வேண்டிய பாரின் நீளம் வந்துவிடும்.

சுற்றளவு 2 அடி உள்ள மரத்தின் குறுக்களவு ஏறத்தாழ 8 அங்குலம். இதற்கு 10 அங்குலப் பாரே போதும். சுற்றளவு 3 அடி என்றால் குறுக்களவு 12 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. 14 அங்குலப் பார் போதும். சுற்றளவு 4 அடி உள்ள மரத்துக்கு 18 அங்குலம் வேண்டும். 5 அடிக்கு 22 அங்குலம் வேண்டும். 6 அடி சுற்றளவுள்ள மரத்தின் குறுக்களவு 23 அங்குலம். அதை ஒரே அறுப்பில் அறுக்க 26 அங்குலப் பார் தேவை. ஆகவே 22 அங்குலம் வாங்கியவரும் நல்ல புளியமரத்தின் முன்னால் நிற்கும்போது தம்முடைய பார் போதாமல்தான் நிற்பார்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பாரின் மேல் குறித்திருக்கும் நீளம் முழுவதும் அறுக்கப் பயன்படுவதில்லை. இயந்திரத்தின் முகப்பிலிருந்து பாரின் நுனி வரை உள்ள நீளமே அறுக்கும் நீளம். இது குறித்த அளவைவிடச் சற்றுக் குறைவாக இருக்கலாம். கடையிலேயே அளவு நாடாவை வைத்து அளந்து பார்த்துவிடுவது நல்லது.

இப்பகுதியின் மரங்கள் எப்படிப்பட்டவை?

1985-ல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்தின் பெரும்பகுதி கரிசலும் செம்மண்ணும் கலந்த வறண்ட பூமி. கண்மாய்ப் பாசனம் உள்ள இடங்களைத் தவிர மற்ற இடங்களில் மரங்கள் பருத்து வளர்வதில்லை. தரிசிலும் ஓடைக்கரையிலும் வேலிக்காத்தான், உடை, மஞ்சணத்தி. புஞ்சை ஓரத்தில் வேம்பும் பனையும். கிணற்றடியில் பூவரசு, புங்கை. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பக்கம் மலையடிவாரத்தில் தென்னையும் மாவும் உண்டு.

இவற்றில் வேலிக்காத்தான்தான் அதிகம் வெட்டப்படுவது. 1870-களில் வெளிநாட்டிலிருந்து விதை தருவிக்கப்பட்டு இந்தியாவுக்குள் வந்த இந்தச் சீமைக் கருவேலம், ஒரே அடியிலிருந்து பல கிளைகளாகப் பிரிந்து தாழ்வாகப் படரும் மரம். தனித்தனித் தண்டாகப் பார்த்தால் பெரும்பாலானவை 8 அங்குலத்துக்கு உட்பட்டவையே. பெருத்த பழைய மரங்கள்கூட ஓர் அடியைத் தாண்டுவது குறைவு. தீக்குச்சிக்காகச் சிலர் வளர்க்கும் பெருமரமும் அடி மிகவும் பருப்பதற்கு முன்பே வெட்டுக்கு வந்துவிடுகிறது. காய்ப்பு ஓய்ந்த தென்னையின் குறுக்களவு ஏறக்குறைய ஓர் அடி.

ஆகவே இப்பகுதிச் சிறு விவசாயியின் வேலையில் பெரும்பகுதி 14 அங்குலப் பாருக்குள்ளேயே அடங்கிவிடும். தென்னை, வேம்பு ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால் 16 அங்குலம். வாடகைக்கு ஓட்டுபவராக இருந்தால் 18 அங்குலம். இதற்கு மேல் போக வேண்டிய அவசியம் மிகச் சிலருக்கே உண்டு.

நீளம் கூடினால் நேரும் தொல்லைகள்

முதல் தொல்லை இயந்திரத்தின் சக்தி. பார் நீளமானால் மரத்துக்குள் ஒரே நேரத்தில் கடிக்கும் பற்கள் அதிகம்; சங்கிலிக்கும் பாருக்கும் இடையே உராய்வும் அதிகம். இதை இழுக்க இயந்திரத்துக்குத் தெம்பு வேண்டும். பொதுவாக 12 முதல் 14 அங்குலப் பாருக்கு 30 முதல் 35 சி.சி. இயந்திரமும், 16 முதல் 18 அங்குலத்துக்கு 40 முதல் 50 சி.சி.யும், 20 அங்குலத்துக்கு 50 சி.சி.க்கு மேலும், 24 அங்குலத்துக்கு 60 முதல் 70 சி.சி.யும் பொருந்தும். ஆனால் சி.சி. மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. ஒரே சி.சி. உள்ள இரண்டு இயந்திரங்களின் குதிரைத்திறன் ஒன்றாக இருப்பதில்லை. இயந்திரத்தோடு வரும் புத்தகத்தில் குதிரைத்திறனோ கிலோவாட்டோ குறிக்கப்பட்டிருக்கும். அந்த இயந்திரத்துக்கு அதிகபட்சம் எத்தனை அங்குலப் பார் பூட்டலாம் என்பதும் இருக்கும். வாங்குவதற்கு முன்பே அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டும்படி கேட்பது விவசாயியின் உரிமை. படித்துக் காட்ட மறுக்கும் கடையில் வாங்காமல் இருப்பதே மேல்.

சக்தி போதாத இயந்திரத்தில் நீளமான பார் இருந்தால், காய்ந்த வேம்பிலோ வைரம் பாய்ந்த கருவேலத்திலோ முழுப் பாரும் இறங்கும்போது இயந்திரம் திணறும். சங்கிலி சூடேறித் தொய்யும். பாரின் விளிம்பு நீலம் பாய்ந்து தேயும். கிளட்ச் கருகும். பழுது பார்க்கும் செலவு, சிறிய இயந்திரம் வாங்கியிருந்தால் மிச்சமாகியிருக்கும் பணத்தை விழுங்கிவிடும்.

இரண்டாவது தொல்லை பராமரிப்பு. 16 அங்குலச் சங்கிலியில் அறுக்கும் பற்கள் சுமார் 30 இருக்கும். 22 அங்குலச் சங்கிலியில் 40-க்கு மேல். ஒவ்வொரு பல்லையும் அரத்தால் ஒரே கோணத்தில், ஒரே எண்ணிக்கைத் தேய்ப்பில் தீட்ட வேண்டும். கரிசல் புழுதி படிந்த அடிமரத்தை அறுத்தாலோ, வேலி மரத்தில் பழைய கம்பியோ ஆணியோ பட்டாலோ பல் உடனே மழுங்கும். நீளச் சங்கிலியைத் தீட்டச் சோம்பல்பட்டு மழுங்கலாகவே ஓட்டுபவர் பலர். கூரான 14 அங்குலம், மழுங்கிய 22 அங்குலத்தைவிட விரைவாக அறுக்கும். மரத்தூள் திரித்திரியாக விழுந்தால் சங்கிலி கூராக இருக்கிறது என்று அறியலாம். மாவு போல் விழுந்தால் தீட்ட வேண்டும். இயந்திரத்தை அழுத்தி அறுக்க வேண்டியிருந்தாலும் இதே அறிகுறிதான்.

நீளமான பாருக்குச் சங்கிலி எண்ணெயும் கூடுதலாகச் செலவாகும். எண்ணெய் நுனி வரை போய்ச் சேராவிட்டால் பார் தேய்ந்துவிடும். டிராக்டரிலிருந்து வடித்த கழிவு எண்ணெயை ஊற்றும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதில் உள்ள இரும்புத் துகளும் கசடும் எண்ணெய்ப் பம்பையும் பாரையும் கெடுக்கும். இதைக் கைவிட வேண்டும்.

மூன்றாவது தொல்லைதான் எல்லாவற்றிலும் பெரியது. பாரின் நுனியில் மேல்பக்கத்துக் கால்வட்டப் பகுதி எதிலாவது இடித்தால், சங்கிலி அங்கே கவ்விக்கொண்டு இயந்திரத்தையே மேல்நோக்கி, ஓட்டுபவரின் முகத்துக்கு நேராக எகிறச் செய்யும். சங்கிலி ஒரு விநாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடுவதால் கண் இமைக்கும் நேரத்தில் இது நடந்துவிடுகிறது. கையை எடுக்க அவகாசம் இராது. கழுத்திலும் முகத்திலும் தோளிலும் ஏற்படும் கொடிய காயங்களுக்கு இதுவே முக்கிய காரணம்.

வேலிக்காத்தான் புதரில் இந்த ஆபத்து பன்மடங்கு அதிகம். ஒரு தண்டை அறுத்துக்கொண்டிருக்கும்போது, நீளமான பாரின் நுனி அந்தத் தண்டைத் தாண்டி ஓர் அடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். இலைக்கும் முள்ளுக்கும் நடுவே அந்த நுனி கண்ணுக்குத் தெரியாது. பின்னால் இருக்கும் வேறொரு கிளையில் அது இடித்தால் போதும். நுனி எங்கே இருக்கிறது என்று எப்போதும் கண்ணால் காணக்கூடிய நீளமே புதர் வேலைக்கு ஏற்ற நீளம். 8 அங்குலத் தண்டுக்கு 22 அங்குலப் பாரை நீட்டுவது, கீரை அரிய அரிவாளை வீசுவது போன்றது.

நீளமான பாருக்கும் நியாயம் உண்டு

நீளமான பார் வேண்டுமென்பவர்கள் சொல்லும் காரணங்களை முற்றிலும் தள்ளிவிட முடியாது. விழுந்து கிடக்கும் மரத்தைத் துண்டு போடும்போது அதிகம் குனிய வேண்டியதில்லை. இடுப்பு வலி குறையும். பருத்த மரத்தில் ஒரே அறுப்பாகப் போவதால் வெட்டு நேராக அமையும். அறுவை மில்லுக்குக் கட்டையாக விற்பவர்களுக்கு இது விலையில் உதவும். மர வியாபாரிகளுக்கும், நாள்தோறும் இதையே தொழிலாகச் செய்பவர்களுக்கும் 22, 24 அங்குலம் தேவைதான். அவர்களிடம் அதை இழுக்கும் பெரிய இயந்திரமும் இருக்கிறது, கைப்பழக்கமும் இருக்கிறது.

சிறு விவசாயியின் நிலை வேறு. ஆண்டில் இருபது நாள், முப்பது நாள் இயந்திரத்தைத் தொடுபவர் அவர். பழக்கம் குறைந்தவர் கையில் பெரிய கருவி இருப்பதுதான் விபத்துக்கு வழி.

பாரின் நீளத்தைவிடப் பருத்த மரத்தையும் இரு பக்கமும் நின்று அறுக்க முடியும் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். பாரின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு குறுக்களவு வரை இப்படி அறுக்கலாம் என்பது இத்தொழிலின் பொது விதி. ஆனால் இரு பக்க வெட்டும் ஒரே மட்டத்தில் சந்திக்க வேண்டும். நடுவில் அறுக்காமல் விட வேண்டிய பகுதியைத் தவறிக்கூட அறுத்துவிடக்கூடாது. இது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. ஐந்தடிச் சுற்றளவுக்கு மேல் உள்ள மரம் என்றால், பெரிய இயந்திரமும் அனுபவமும் உள்ளவரை ஒரு நாள் கூலிக்கு அழைத்துக்கொள்வதே சிறு விவசாயிக்கு உகந்தது. அந்த ஒரு நாள் கூலி, பெரிய இயந்திரத்துக்கும் சிறியதற்கும் உள்ள விலை வித்தியாசத்தைவிட நிச்சயமாகக் குறைவு.

அத்தோடு, அவ்வளவு பருத்த மரத்தை வெட்டத்தான் வேண்டுமா என்றும் ஒரு முறை யோசிக்கலாம். காய்க்கும் புளி ஆண்டுதோறும் பணம் தருகிறது. வெட்டினால் ஒரு முறைதான் பணம். பழைய வேம்பு ஆட்டுக்கும் மாட்டுக்கும் கோடையில் நிழல். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசின் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவிக்கப்பட்டது. கண்மாய்க் கரையிலும் சாலை ஓரத்திலும் புறம்போக்கிலும் நிற்கும் மரம், பக்கத்து நிலத்துக்காரருக்குச் சொந்தமல்ல. கயிறால் அளப்பதற்கு முன்பே கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது வழக்கு வராமல் காக்கும்.

சாய்க்கும் முறை

சரியான பார் கையில் இருந்தாலும் சாய்க்கும் முறை தவறினால் பயனில்லை. முதலில் மரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் கிளை கனம், காய்ந்த கொப்பு தொங்குகிறதா, மின்கம்பி இருக்கிறதா என்பவற்றைக் கவனிக்க வேண்டும். மின்கம்பிக்கு அருகில் உள்ள மரத்தை மின்வாரியத்துக்குத் தெரிவித்து, மின்சாரத்தை நிறுத்தாமல் தொடவே கூடாது. மரம் விழும் திசைக்கு எதிரே, பின்பக்கம் சாய்வாக விலகி ஓட ஒரு வழியை முன்னதாகவே முள்ளும் கல்லும் இல்லாமல் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு யாரும் நிற்கக்கூடாது.

பிறகு மரம் விழ வேண்டிய பக்கத்தில், குறுக்களவில் கால்பங்கு ஆழத்துக்கு வாய் திறந்தது போல ஒரு வெட்டு போட வேண்டும். 16 அங்குல மரம் என்றால் இந்த வெட்டு 4 அங்குல ஆழம். அதன்பின் எதிர்ப்பக்கத்தில், வாய்வெட்டின் மூலைக்குச் சற்று மேலாகப் பின்வெட்டைத் தொடங்க வேண்டும். இரண்டு வெட்டும் சந்திக்கவே கூடாது. நடுவில் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 16 அங்குல மரத்தில் ஒன்றரை அங்குலம், அறுக்காமல் விட வேண்டும். கதவுக்குக் கீல் எப்படியோ அப்படி இந்தப் பகுதிதான் மரத்தைக் குறித்த திசையில் மெல்லச் சாயவைக்கிறது. அதையும் அறுத்துவிட்டால் மரம் எந்தப் பக்கம் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. பார் மரத்தில் சிக்காமல் இருக்கப் பின்வெட்டில் மர ஆப்பு அல்லது பிளாஸ்டிக் ஆப்பு அடிக்கலாம். இரும்பு ஆப்பு சங்கிலியில் பட்டால் ஆபத்து.

இயந்திரத்தை இரண்டு கையாலும், இடது கைப் பெருவிரல் முன்கைப்பிடியைச் சுற்றி இருக்குமாறு பிடிக்க வேண்டும். தோளுக்கு மேலே தூக்கி அறுக்கக்கூடாது. மரத்தில் ஏறி நின்று அறுப்பதும் கூடாது. சங்கிலியை நிறுத்தும் பிரேக் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு நாளும் காலையில் சோதிக்க வேண்டும். தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பான், கனத்த காலணி ஆகியவை இல்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அறுப்பது வீரமல்ல. நீளமான பாருக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் இவற்றில் பெரும்பாலானவற்றை வாங்கிவிடலாம்.

பட்டாசு ஆலை பக்கத்தில் தனி எச்சரிக்கை

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரங்களில் விவசாய நிலங்களுக்கு நடுநடுவே பட்டாசு ஆலைகளின் அறைகள் சிதறி நிற்கின்றன. நிலத்தை ஒட்டியே ஆலை வேலி போகும். விவசாயக் குடும்பத்தில் ஒருவராவது ஆலைக்குப் போகிறவராக இருப்பார். இந்தப் பகுதியில் செயின் ரம்பம் வைத்திருப்பவர் மற்ற ஊர்க்காரர்களைவிட இரு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

இந்த இயந்திரத்தின் சைலன்சர் காய்ந்த புல்லைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடேறும். அதில் தீப்பொறியைத் தடுக்கும் சிறு கம்பிவலை இருக்கும். கரி அடைக்கிறது என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுபவர்கள் உண்டு. கல்லிலோ ஆணியிலோ சங்கிலி பட்டாலும் பொறி பறக்கும். ஓடிச் சூடான இயந்திரத்தில் பெட்ரோல் ஊற்றுவது அதைவிட ஆபத்து. இவை ஒவ்வொன்றும் சாதாரணக் காட்டில் ஒரு கோரைப் புல் தீயோடு முடியலாம். பட்டாசு மருந்து இருக்கும் இடத்தில் அப்படி முடியாது.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட அந்த விபத்தில், முதல் வெடிக்குப் பிறகு உதவி செய்யவும் பார்க்கவும் அக்கம்பக்கத்திலிருந்து ஓடி வந்தவர்களும் பலியானார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சன்குளத்திலும் பலர் உயிரிழந்தனர். இந்த விபத்துகளுக்கும் மரம் அறுக்கும் இயந்திரத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் இந்தப் பூமியில் ஒரு பொறி என்ன செய்யும் என்பதற்கு அவை சாட்சி.

ஆலை வளாகத்தில் புதர் வெட்டிக் கொடுக்கும்படி இயந்திரம் வைத்திருக்கும் விவசாயிகளைக் கூப்பிடுவது உண்டு. கூலி கூடுதலாகக் கிடைக்கிறதே என்று பெட்ரோல் இயந்திரத்தோடு உள்ளே போகக்கூடாது. அங்கே அரிவாளும் கோடாலியும் கைரம்பமுமே போதும். வேலை இரண்டு நாள் கூடுதலாக ஆகலாம்; ஆகட்டும். ஆலை வேலியை ஒட்டிய சொந்த நிலத்தில் அறுப்பதானாலும், ஆலை மேலாளரிடம் சொல்லிவிட்டு, வேலை நடக்காத நாளில், காய்ந்த புல்லைச் செதுக்கி அகற்றிய பிறகே இயந்திரத்தைத் தொட வேண்டும். பெட்ரோல் கேனை வேலியிலிருந்து எட்ட வைப்பதும், ஒரு குடம் தண்ணீரை அருகில் வைத்துக்கொள்வதும் அவசியம்.

ரம்பத்தால் வேலிக்காத்தான் ஒழியாது

சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-ல் தென்மாவட்டங்களில் சீமைக் கருவேலத்தை அகற்றும்படி உத்தரவிட்டது. 2022-ல் தமிழக அரசும் அயல்நாட்டுக் களைத் தாவரங்களை அகற்றுவதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. இதைக் கேட்டு, பெரிய ரம்பம் வாங்கினால் நிலத்தைச் சுத்தமாக்கிவிடலாம் என்று நம்புவோரும் இருக்கிறார்கள். இது தவறு. தரைக்கு மேல் அறுத்த வேலிக்காத்தான், ஒரு மழை விழுந்ததும் ஒரு தண்டுக்குப் பத்துத் தண்டாகத் துளிர்க்கும். நிலத்தை மீட்க வேண்டுமானால் தூரைத் தோண்டி எடுக்க வேண்டும். முளைத்து வரும் கன்றுகளைத் தொடர்ந்து பிடுங்கி, அந்த நிலத்தில் உடனே பயிரோ பயன்தரும் மரமோ வைக்க வேண்டும். ரம்பம் விறகை எடுக்க உதவும். தூரை எடுப்பது மண்வெட்டியும் கடப்பாரையும் மண்வாரி இயந்திரமும் செய்ய வேண்டிய வேலை. இந்தக் கணக்கிலும் நீளமான பாருக்கு வேலையில்லை. அதில் மிச்சமாகும் பணம் தூர் தோண்டுவதற்கு ஆகும்.

கூட்டாக வாங்கலாம்

தனித்தனியே ஆளுக்கொரு பெரிய இயந்திரம் வாங்கி ஆண்டில் பதினொரு மாதம் துருப்பிடிக்க வைப்பதைவிட, ஒரு ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து 16 அங்குலப் பார் உள்ள தரமான இயந்திரம் ஒன்றை வாங்குவது நல்ல முறை. 2017-18-ல் தமிழகத்தில் தொடங்கிய கூட்டுப்பண்ணையத் திட்டத்தில், 100 விவசாயிகள் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி கொடுத்துப் பண்ணை இயந்திரங்களைப் பொதுவில் வாங்க வைத்தார்கள். அந்த வழியைச் சிறிய அளவில் எந்த ஊரும் பின்பற்றலாம். கூட்டு இயந்திரமாக இருந்தாலும் ஓட்டுபவர் ஒருவரோ இருவரோ மட்டும் இருக்க வேண்டும். பலர் கை மாறும் ரம்பத்தில் பல் கூராக இராது. பிரேக்கும் ஒழுங்காக இராது.

பின்னால் பாரையோ சங்கிலியையோ மாற்ற நேர்ந்தால், நீளம் மட்டும் சொல்லி வாங்கக்கூடாது. சங்கிலிக் கண்ணிகளின் இடைவெளி, பாரின் பள்ளத்தில் ஓடும் கண்ணியின் கனம், அந்தக் கண்ணிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். பாரின் அடிப்பகுதியில் இவை பொறிக்கப்பட்டிருக்கும். பழைய பாரையே கையோடு கடைக்கு எடுத்துச் சென்றால் ஏமாற வேண்டியதில்லை.

நிலத்துக்கு ஏற்ற விதை, மாட்டுக்கு ஏற்ற ஏர் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் கரிசல் காட்டு விவசாயிகள். ரம்பத்துக்கும் அதே கணக்குதான். இந்தக் கோடையில் கடைக்குப் போவதற்கு முன்னால், தாங்கள் வெட்டப் போகும் மரங்களை ஒரு நாள் கயிறு பிடித்து அளந்து ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். பத்து மரத்தில் ஒன்பது 14 அங்குலத்துக்குள் அடங்கினால் 14 அங்குலமே அவர்களுக்குரிய பார். மிஞ்சும் அந்த ஒரு மரத்துக்குத் தெரிந்த ஆளைக் கூப்பிட்டால் பணமும் மிச்சம். வேலைக்குப் போனவர் மாலையில் முழு உடம்போடு வீடு திரும்புவதும் உறுதி.